விழுந்த பிறகு வருகிறவர்

அவர் முதன்முதலில் என்னைத் தேடி வந்தது பஞ்சு கேட்டு.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு, ஒருவர் உள்ளே வந்தார். அந்த டிஸ்பென்சரிக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்த முதல் உத்தியோகத்தர் அவர்தான்.

"மிஸ்ஸி, ரோட்டு வேலைக்கு வந்திருக்கிற ஓவசியர் நான். கொஞ்சம் பஞ்சு, கட்டுத்துணி, செவப்பு மருந்து இருந்தா குடுப்பீங்களா?"

"யாருக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. வேலை தொடங்கினா யாராச்சும் விழுவாங்கல்ல. நம்ம கையில இருந்தா நல்லதுதானே."

கொடுத்தேன். அவர் அதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அடுக்கி வைத்தார். காத்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இப்படியும் ஒரு மனிதர் என்று எனக்கும் தோன்றியது. வேலை தொடங்குவதற்கு முன்பே, ஆட்கள் விழப்போகிறார்கள் என்று ஒருவருக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்க எனக்கு அப்போது புத்தி வரவில்லை.

அவரைப் பற்றித் தோட்டத்தில் பெருமையாகப் பேசினார்கள். கொத்மலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். நம்ம ஆள் ஒருத்தர் முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு ரோலர்காரனை அதட்டுவதை எங்கள் ஜனம் அதுவரை பார்த்ததில்லை. வேலைக்கு ஆள் எடுத்தபோதும் எங்கள் லயத்துப் பையன்களைத்தான் எடுத்தார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது.

எங்கள் ரோட்டில் சைக்கிளுக்கென்று கோடு போட்டு விட்ட இடம் எதுவும் கிடையாது. தாரின் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே கிடந்த மண்கரைதான் எங்கள் பாதை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள், தபால்காரர், ரொட்டி விற்கிற பாண்காரர், நான், எல்லோரும் அதில்தான் போனோம். ஏற்றத்தில் நான் சைக்கிளைத் தள்ளுவேன். இறக்கத்தில் அது என்னைத் தள்ளும். அந்தப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். ஆரம்பத்தில் சிரித்தவர்கள், நான் இரண்டு பிரசவத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ரோட்டு வேலை தொடங்கியது. மலைப்பக்கம் தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள். வெட்டின மண், சல்லிக்கல், மணல், தார் பீப்பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து எங்கள் மண்கரையில் கொட்டினார்கள். தாரின்மேல் ஒரு கல் கிடக்காது. துரைமாரின் ஜீப் வருகிற ரோடு. ஒரு கல் உருண்டு வந்துவிட்டால் உடனே கூட்டித் தள்ளுவார்கள், எங்கள் பக்கம். சைக்கிளில் வருகிறவர் ஒவ்வொரு குவியலிலும் தாருக்கு ஏறி, பஸ்ஸுக்கு முன்னால் போய், மறுபடி இறங்க வேண்டும். பனிமூட்டத்தில் குவியல் எங்கே இருக்கிறது என்பது அதன்மேல் ஏறிய பிறகுதான் தெரியும்.

நான் விழுந்தது அப்படித்தான். எட்டாம் மாதத்தில் கால் வீங்கிக் கிடந்த ஒரு பெண்ணைப் பார்க்கக் கீழ்ப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சவுக்கு மர வளைவில் முன்சக்கரம் சல்லிக்கல்லில் புதைந்தது. நான் தாரில் விழுந்தேன். பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

எங்கிருந்து வந்தாரோ தெரியவில்லை, நான் எழுந்து உட்கார்வதற்குள் அவர் பக்கத்தில் இருந்தார். கையில் அந்தப் பிஸ்கட் தகரம். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, என் முழங்காலில் இருந்த மண்ணை ஈரத் துணியால் ஒத்தி எடுத்துக் கட்டுப் போட்டார். நானே செய்திருந்தாலும் அவ்வளவு மெதுவாகச் செய்திருக்க மாட்டேன்.

"ஒண்ணும் ஆவாது மிஸ்ஸி. நான் இருக்கேன்ல."

"இந்தக் குவியலை அந்தப் பக்கம் கொட்டச் சொல்லுங்க. இல்லாட்டி முன்னாடி ஒரு பீப்பாயாவது வைங்க, வெள்ளையடிச்சு. மூட்டத்துல ஒண்ணுமே தெரியல."

"வச்சிரலாம். நாளைக்கே வச்சிரலாம். நீங்க மொதல்ல தண்ணி குடிங்க."

வளைந்த சக்கரத்தைத் தலவாக்கலைக்கு அனுப்பி நிமிர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, அன்று சாயந்தரமே என் குவார்ட்டர்ஸுக்குச் சைக்கிளை அனுப்பிவைத்தார். ஹேண்டிலில் ஒரு பையில் தோடம்பழம். மறுநாள் நொண்டிக்கொண்டு அதே வளைவுக்குப் போனேன். குவியல் அப்படியே இருந்தது. என் சக்கரம் போட்ட பள்ளத்தை மட்டும் யாரோ அழகாக மூடி, குவியலைக் கூராக்கி வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் கேட்காத நாள் குறைவு. ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. கோபப்பட்டதில்லை. "நாளைக்கு" என்பார், "லொறி வந்ததும்" என்பார், "நான் இருக்கேன்ல" என்பார். தபால்காரர் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது தானே மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கானுக்குள் விழுந்தபோது இறங்கித் தூக்கியவரும் அவர்தான். விழுந்த வீட்டுக்கெல்லாம் ஹோர்லிக்ஸ் போத்தல் போகும். என் வேலை, ஒன்று நடப்பதற்கு முன் போய் நிற்பது. கால் வீங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருப்பது. அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? அவருக்குக் கிடைத்த நன்றி கொஞ்சநஞ்சமல்ல.

அவருடைய மனைவி கர்ப்பமாக இருந்தார். அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு என் பிரிவுக்குள் வந்தது. ஒருமுறை பார்க்கப் போனபோது பின்பக்கத்துக் கல்படியில் எனக்கே கால் வழுக்கியது. பச்சைப் பாசி. அவருடைய மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்து வாங்க மிஸ்ஸி. எங்க மாமி இதுலதான் விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டாங்க."

"எப்ப?"

"போன மழைக்கு. அவரு அம்மாவ முதுகுல தூக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடுனாரு. ஆஸ்பத்திரில ஒரு நாள் விடாம போய் அவரு கையால ஊட்டிவிட்டாரு. வார்டே அழுதுச்சு."

"பாசியைத் தேய்க்கலையா?"

அந்தப் பெண் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "கேட்டா, நான் இருக்கேன்லன்றாரு."

அன்று நானே சாம்பலும் தென்னந்தும்பும் வாங்கி அந்தப் படியைத் தேய்த்துவிட்டு வந்தேன். அவரை நினைத்து எனக்கு முதன்முதலாக உடம்பு கூசியது அன்றைக்குத்தான்.

பாண்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன் பேக்கரியிலிருந்து விடியற்காலையில் பாண் ஏற்றிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் பச்சைப் பெட்டியோடு லயம் லயமாக வருகிற சிங்களப் பையன். பையன் என்றாலும் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருந்தது. எல்லோருக்கும் அவன் பாண் மல்லி. மல்லி என்றால் தம்பி. நான் விழுந்த பிறகு, எதிரில் கண்டால் பிரேக்கைப் பிடித்து நின்று தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போவான்.

"மிஸ்ஸி, அங்கே புது கல்லு போட்டது. மெல்ல போங்கோ."

"நீயும் மெல்லப் போ மல்லி. பெட்டி பாரம்."

"நம்ம பெல் அடிச்சி போறது" என்று சிரிப்பான்.

அன்று காலை மூட்டம் தேயிலைச் செடிகளையே மூடியிருந்தது. நான் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சவுக்கு மர வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், லொறி பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மரக்கறி லொறி குறுக்காக நின்றது. தார் முழுவதும் பாண். குவியலைச் சுற்றிக்கொண்டு அவன் தாருக்கு ஏறியிருக்கிறான். மூட்டத்துக்குள் வந்த லொறி அவனைக் கண்டபோது நேரம் இருக்கவில்லை. லொறிக்காரர் ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஓவசியர் எனக்கு முன்பே வந்துவிட்டார். பாண் மல்லியின் தலை அவருடைய மடியில் இருந்தது. தன்னுடைய கம்பளித் தொப்பியை அவன் தலைக்குப் பின்னால் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு இல்லை. அவன் இமையை விலக்கிப் பார்த்தேன். அவரிடம் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் வாய்விட்டு அழுதார். அது நடிப்பல்ல. அழுகை எது, நடிப்பு எது என்று எனக்குத் தெரியும்.

அவன் மனைவியிடம் சொல்ல யாரை அனுப்பலாம் என்று பார்க்க நான் லயத்துப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன். வந்தபோது வளைவில் பீப்பாய்கள் நின்றன. குவியலுக்கு முன்னால் வரிசையாக, வெள்ளை அடித்து, மேலே சிவப்புத் துணி கட்டி. நான் மாதக்கணக்காகக் கேட்ட பீப்பாய்கள். ஒன்றில் கையை வைத்தேன். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. பிரசவத்தில் எத்தனையோ ரத்தம் பார்த்தவள் நான். அந்த ஈரச் சுண்ணாம்பைத் துடைக்க ரோட்டோரப் புல்லில் கையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

பொலிஸ்காரர்கள் வந்தார்கள். பீப்பாய்களைப் பார்த்தார்கள். இது முன்பே இருந்ததா என்று சிங்களத்தில் கேட்டார்கள். ரோட்டு வேலைப் பையன்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் பிரசவம் பார்த்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதில் இருந்தார்கள். நான் முன்னால் போய், "இல்லை. இப்போதுதான் வைத்தார்கள். சுண்ணாம்பைத் தொட்டுப் பாருங்கள்" என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

பொலிஸ்காரர் தொடுவதற்கு முன்பே ஓவசியர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குரலில் கோபமே இல்லை.

"மிஸ்ஸி ரொம்பப் பதறிப்போயிட்டாங்க. நேத்து மழையில கழுவிப் போச்சுன்னு காலையில மறுபடி அடிச்சது அது. யாராச்சும் மிஸ்ஸிக்குத் தண்ணி குடுங்கப்பா."

தண்ணீர் வந்தது. எங்கள் லயத்துப் பையன் ஒருவன்தான் கொண்டுவந்து நீட்டினான். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் வாங்கவில்லை. "நேத்து மழையே பெய்யலையேடா" என்று அவனிடம் சொன்னேன். பொலிஸ்காரர் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன். ஆனால் அது, எச்சரிக்கை வைக்கப்பட்டிருந்தது, சைக்கிள்காரர் நடு ரோட்டுக்கு வந்துவிட்டார், மூட்டம், விபத்து என்று முடிந்தது. நடு ரோட்டுக்கு அவன் ஏன் வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செத்த வீட்டை நடத்தியவர் ஓவசியர்தான். கூடாரம், நாற்காலி, சீனி, தேயிலை எல்லாம் ரோட்டு வேலைக் கம்பனியின் லொறியில் வந்து இறங்கியது. வெள்ளைக் கொடி கட்டுவது அங்கே வழக்கம். சவுக்கு மர வளைவிலிருந்து அவன் வீடு வரைக்கும் மண்கரை முழுவதும் குச்சி நட்டு வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார். கொடி நடுவதற்கு இடம் வேண்டுமே, அதற்காகக் குவியல்களை ஒதுக்கினார்கள். உயிரோடு ஒருவன் போக ஒதுக்காத கல்லை, அவனுடைய கொடிக்காக ஒதுக்கினார்கள். அந்தக் கரையில் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தபோது, காலுக்குக் கீழே மண் எவ்வளவு சமமாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவனுடைய மனைவி கைக்குழந்தையோடு ஓவசியரின் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் பதறிப்போய்த் தூக்கிவிட்டார். கொஞ்ச நாளில் வேலையாட்களுக்குச் சமைக்கும் கொட்டிலில் அவளுக்கு வேலையும் போட்டுக் கொடுத்தார். எங்கள் லயத்தில் என்னிடம் பேசுவதைப் பலர் குறைத்துக்கொண்டார்கள். "நல்ல மனுசன் மேல பழி போட்டவங்க" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவளுடைய இரண்டு பிரசவத்தையும் நான்தான் பார்த்தேன்.

பீப்பாய்கள் ஒரு வாரம் நின்றன. பிறகு வேறு எங்கேயோ தேவை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோட்டு வேலை மேலே நகர்ந்தது. அடுத்த குவியல் வந்து விழுந்த இடம் பிள்ளைக்காம்பராவின் வாசல். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. காலையில் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வருகிற பெண்கள் கல்லைச் சுற்றிக்கொண்டு தாரில் நடந்தார்கள்.

போய்ச் சொன்னேன். "நாளைக்கு மிஸ்ஸி" என்றார்.

அன்று சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். நிறுத்து முடித்த பெண்கள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "நான் போய் அந்தக் கல்ல அள்ளப்போறேன். வர்றவங்க வாங்க" என்றேன். என்னைப் பழி போட்டவள் என்று சொன்ன அதே பெண்தான் முதலில் கூடையைத் தூக்கினாள். "எம்புள்ளயும் அங்கதானே கெடக்குது" என்றாள். சமையல் கொட்டிலிலிருந்து பாண் மல்லியின் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினோம். கொஞ்சத்தைக் கூடையில் அள்ளினோம். கம்பனிக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் கொட்டினோம். பாதிக்குவியல் போயிருக்கும். ஓவசியர் வந்தார். பெரிய கேத்தலில் தேநீர், கடிக்க ஒரு தட்டு நிறையப் பனிஸ்.

"சொல்லியிருந்தா நான் ஆள் அனுப்பியிருப்பேனே தாயி. நான் இருக்கேன்ல. குளிருக்கு மொதல்ல ஆளுக்கு ஒரு வாய் குடிங்க."

பாண் மல்லியின் மனைவி கையில் கல்லோடு அவர்முன் நின்றாள். அவர் அவளுக்குத்தான் முதல் தம்ளரை நீட்டினார்.

"மாத்தயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். "பாதையில் நிற்கிறீர்கள்."

அவர் தள்ளி நின்றார். வரிசை நகர்ந்தது. தேநீரை யாரும் எடுக்கவில்லை. முதன்முறையாக அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனதைப் பார்த்தேன். எனக்கு அது போதும் என்று இருந்தது. ஆனால் அவர் கேத்தலைக் கீழே வைத்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், வரிசையில் எனக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்று கல்லை வாங்கத் தொடங்கினார். கம்பனி எஞ்சினியரின் ஜீப் வந்தது அப்போதுதான். வியர்வையோடு, பெண்கள் நடுவே, பிள்ளைக்காம்பரா வாசலைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஓவசியரை எஞ்சினியர் இறங்கி வந்து தோளில் தட்டினார். ஜீப்பிலிருந்து கேமரா வந்தது.

அந்த மாதமே எல்லா வளைவுகளிலும் பீப்பாய் வந்தது. மண்கரையில் எதுவும் கொட்டக்கூடாது என்று கம்பனி உத்தரவு போட்டது. ஓவசியரின் யோசனை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் யாரும் விழவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை.

வேலை முடிந்து அவர் பதவி உயர்வோடு ஹட்டன் பக்கம் போனபோது கோயில் மண்டபத்தில் பிரியாவிடை வைத்தார்கள். பொன்னாடை, மாலை, எழுந்து எழுந்து அழுத பையன்கள். எனக்குப் போக மனமில்லை. அவருடைய மனைவி குழந்தையோடு வந்து கையைப் பிடித்து இழுத்ததால் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவரே மைக்கைப் பிடித்து, "என் கையால கட்டுப் போட்டுக்கிட்ட நம்ம மிஸ்ஸி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுந்து போனேன். என்ன சொல்வதென்று நடந்து போகும்போதும் தெரியவில்லை. அவரைத் திட்டினால் நான் பதறிப்போயிருக்கிறேன் என்பார்கள். பாராட்ட வாய் வராது. மைக்குக்கு முன்னால் நின்று பாண் மல்லியின் பெயரைச் சொன்னேன். மல்லி என்று அல்ல, அவன் அப்பா அம்மா வைத்த முழுப் பெயரை, அவன் ஊரோடு சேர்த்துச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்றே விளங்கவில்லை. ஓவசியருக்கு விளங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.